ஐப்பசி மழையும் உப்பேறிய தோட்டமும்

கூதிர்காலமென்று முன்னோர் பெயரிட்டு வழங்கிய ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பாலாற்றங்கரைத் தோட்டக்காரருக்குச் சற்று ஓய்வான மாதங்களென்று எண்ணப்படுவது வழக்கம். கிணற்று மோட்டாருக்கு வேலை குறைகிறது. வேலியில் படர்ந்த அவரையும் மொச்சையும் பூவெடுக்கத் தொடங்குகின்றன. கிணற்றோரத்து மரக்கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடுகின்றன. ஈரமண்ணைக் கிளறுமிடமெல்லாம் கொக்குகள் வந்து நிற்கின்றன. மழை விட்ட பொழுதில் ஆடுகள் வரப்பின்மீது வரிசையாக நடந்து புதுப்புல்லைக் கடிக்கின்றன. அண்டைத் தோட்டத்தார் கொட்டகையில் கூடி, ஏரி நிரம்பியதா, கடைவாசல் போயிற்றா என்று பேசிக் களிக்கிறார்கள்.

இக்காட்சி மனத்துக்கு இனியதே. ஆயினும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டக்காரருக்கு இவ்விரண்டு மாதங்களையும் ஓய்விற் கழிப்பது பெருநஷ்டமாகும். ஏனெனில், வருஷம் முழுவதும் கிணற்றுநீர் மண்ணிற் சேர்த்துவைக்கும் உப்பைக் கழுவி இறக்கக்கூடிய நல்ல தண்ணீர், செலவில்லாமல் வானத்திலிருந்து கிடைப்பது இப்பொழுதுதான். அத்தண்ணீரை வரப்புக்குள் நிறுத்துகிறவருடைய நிலம் ஆண்டுக்காண்டு தேறும். ஓடையில் ஓடவிடுகிறவருடைய நிலம் ஆண்டுக்காண்டு கெடும். இவ்வொரு விஷயத்தைத் தெளிவாக உணர்ந்து காரியம் செய்வதற்கு வேண்டிய விவரங்கள் கீழே கூறப்படுகின்றன.

உப்பு வந்த வழி

இப்பிரதேசத்தில் தோல் பதனிடுதல் பழமையான தொழில். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 1973-ம் வருஷத்தில் பதனிடாத தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவது தடுக்கப்பட்டு, அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு ஏற்பட்டபின், முழுவதும் பதனிட்ட தோல் உற்பத்தி பெருகிற்று. அதனோடு குரோமிய உப்புக்களைக் கொண்டு பதனிடும் முறையும் பரவிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இத்தொழில் சோறிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. குடியானவர் வளர்க்கும் ஆடுமாடுகளின் தோலுக்கு விலை கிடைப்பதும் இதனாலேயே.

ஆனால் தொழிலின் கழிவு நீர் பாலாற்றையும் அதன் ஓடைகளையும் நெடுங்காலம் கெடுத்துவிட்டது. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் உப்புத் தடவுவது வழக்கம். பதனிடும் சாலையில் தோலை முதலில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு முழுவதும் தண்ணீரில் இறங்குகிறது. 1 கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் அளவில் தண்ணீர் செலவாகிறதென்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பொன்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு, அமிலம், குரோமியம் முதலியவைகளும் அதே நீரில் சேருகின்றன.

இவற்றுள் குடியானவர் முக்கியமாய் அறியவேண்டியது உப்பின் தன்மை. அழுகும் பொருள்களை நுண்கிருமிகளால் சிதைக்கலாம். குரோமியத்தை வண்டலாகப் படியவைத்துப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்போ தெளியவைத்தாலும் படியாது, நுண்கிருமிகளாலும் சிதையாது. நுண்ணிய சவ்வின் வழியாக அழுத்திப் பிரித்தோ, தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்தோதான் அதை நீக்கவேண்டும். ஆதலால்தான் முதலில் நிறுவப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் துர்நாற்றத்தையும் குரோமியத்தையும் குறைத்தபோதிலும், உப்பை நிறுத்தவில்லை. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி உப்பைப் பிரிக்கும் ஏற்பாடுகள் பின்னரே வந்தன. அதற்குள் மண்ணிலும் ஊற்றிலும் இறங்கிவிட்ட உப்பு அங்கேயே நிற்கிறது. மோட்டார் ஓடும் ஒவ்வொரு நாளும் அது கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போனபின் உப்பு மட்டும் வேரடியில் தங்குகிறது.

தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் முழுதுமோ ஒரு பகுதியோ பயிருக்கு லாயக்கற்றதாகி விட்டதென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் பூர்வாங்கமாக ஆராய்ந்து கண்டதை, மேற்படி கோர்ட்டார் தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

கெடுதலின் அடையாளங்கள்

உப்பேறிய தோட்டத்தை அடையாளங் காண்பது கடினமன்று. கோடையில் பாத்தி மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. விதை சரிவர முளைப்பதில்லை. முளைத்த செடியின் இலையோரம் தீய்ந்ததுபோற் கருகுகிறது. தென்னையில் குரும்பை உதிர்ந்து, நிற்கும் காயும் சிறுத்துப்போகிறது.

கண்ணால் காண்பதோடு நில்லாமல், கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டபின், சுத்தமான புட்டியை அதே நீரால் அலசி, 1 லிட்டர் பிடித்து அனுப்பவேண்டும். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரை அணுகினால் வேண்டிய யோசனை கிடைக்கும். கோடை முடிவில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒருமுறையும் பரிசோதித்து, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கமாக எழுதிவைப்பது நலம்.

பரிசோதனை அறிக்கையில் நீரின் மின்கடத்தும் திறன், மீட்டருக்கு டெசிசைமன் என்னும் அலகிற் குறிக்கப்பட்டிருக்கும். உப்பு மிகுந்தால் அவ்வெண்ணும் மிகும். 0.7-க்கு உட்பட்ட நீரால் பயிருக்கு உப்பின் கெடுதல் இல்லை. 0.7 முதல் 3 வரை எச்சரிக்கையோடு பாய்ச்சத் தக்கது. 3-க்கு மேற்பட்டதைச் சாதாரணப் பயிர்களுக்குப் பாய்ச்சினால் நிலம் விரைவிற் கெடும்.

மண்ணின் உப்பைப் பயிர்கள் ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்சாற்றின் அளவு 1.1-ஐத் தாண்டியதுமே கத்தரி காய்ப்புக் குறைகிறது. நெல் 3 வரைக்கும், நிலக்கடலை 3.2 வரைக்கும், சோளம் 6.8 வரைக்கும் குறைவின்றித் தாங்கும். கத்தரியின் எண்ணை இவ்வட்டாரத்தார் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். அணைக்கட்டுப் பகுதியில் இலவம்பாடிக் கத்தரி என்று பேர்பெற்ற வேலூர் முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தகைய பெருமை வாய்ந்த விதை உப்புக்கு மிகவும் அஞ்சுவதாகையால், அதைப் பயிரிடுவோர் உள்ளதற்குள் நல்ல கிணற்றையும் நல்ல பாத்தியையும் அதற்கு ஒதுக்கவேண்டும்.

மழை செய்யும் வேலை

உப்பைத் தண்ணீர் கொண்டுவந்தது. தண்ணீரே அதைக் கொண்டுபோகவும் வேண்டும். வேறு மருந்து இல்லை. இதற்கு மண்ணாராய்ச்சியாளர் கண்ட கணக்கு எளிது. வேரோடும் ஓர் அடி ஆழ மண்ணின் வழியாக அரை அடித் தண்ணீர் இறங்கினால் அதிலுள்ள உப்பிற் பாதி கழுவப்படும். ஓர் அடி இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். இரண்டடி இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும்.

வேலூர் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவத்தில் சாதாரண வருஷத்தில் பெய்யும் மழை ஓர் அடியளவை ஒட்டியது. நிலத்தைச் சமப்படுத்தி, சிறு பாத்திகளாகப் பிரித்து, சுற்றிலும் ஓர் அடி உயரத்துக்கு உறுதியான வரப்பிட்டவருக்கு அவ்வளவில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். வரப்புச் சரிந்து, எலிவளை அடைக்கப்படாமல், மேடுபள்ளமாகக் கிடக்கும் நிலத்தில் பாதி மழை பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். மேட்டில் உப்பு அப்படியே நிற்கும். இரண்டு தோட்டத்திலும் பெய்த மழை ஒன்றே. பொங்கலுக்குப்பின் விளைச்சலிற் காணும் பேதம் புரட்டாசியிற் செய்த மண்வேலையின் பேதம்.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் நிலத்தை உழுது கட்டியுடைத்துச் சமப்படுத்தவேண்டும். தரிசாகக் கிடக்கும் பாத்திகளுக்கு முதலிடம் கொடுக்கவேண்டும். மழைவிட்ட நாட்களில் மேல்மண் காய்ந்து வெடிக்கவிடாமல் தழை, தென்னமட்டை, கடலைத்தோல் முதலியவற்றைப் பரப்பினால், உப்பு மறுபடி மேலேறுவது குறையும். உப்பைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுவது, மண்ணுக்குத் தழைச்சத்தும் நீர் இறங்குவதற்கு வழியும் ஒருங்கே தரும்.

உவரா, களரா?

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. உப்பு மட்டும் மிகுந்த நிலம் உவர். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலம் களர். உவர் நிலத்தில் நிற்கும் மழைநீர் தெளிந்து, ஒன்றிரண்டு நாளில் உள்ளே இறங்கிவிடும். களர் நிலத்தில் தண்ணீர் சேறு கலங்கியவாறே பல நாள் நின்று, வற்றியபின் மேல்மண் ஓடுபோல் இறுகும். களர் நிலத்தில் வெறும் மழைநீரைத் தேக்கினால் மண் இன்னும் அடைத்துக்கொள்ளும். அங்கே மண்பரிசோதனை கூறும் அளவுக்கு ஜிப்சத்தைத் தூவி, மேல் நாலங்குல மண்ணிற் கலந்து, அதன்பின்னரே தண்ணீரை நிறுத்தவேண்டும். பரிசோதனையின்றிக் கேள்விப்பட்ட அளவில் ஜிப்சம் இடுவது பணத்தைச் சேற்றில் எறிவதாகும்.

எருவைப் பற்றியும் ஒரு சொல். தோல்சாலையின் கசடு சும்மா கிடைக்கிறதென்று தோட்டத்திற் கொட்டலாகாது. அதிற் குரோமியமும் உப்பும் செறிந்திருக்கலாம். உப்பாவது மழையிற் கழுவப்படும். குரோமியமோ மண்ணோடு கூடி நெடுங்காலம் தங்கும். கீரையும் கிழங்கும் விளையும் பாத்திக்குத் தொழுவெருவே தக்கது.

தோட்டத்துப் பிராணிகள்

பயிருக்கு ஆகாத தண்ணீர் பிராணிகளுக்கும் முற்றும் ஆகும் என்று சொல்வதற்கில்லை. மின்கடத்தும் திறன் 1.5-க்கு உட்பட்ட நீரை எல்லாப் பிராணிகளுக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம். 1.5 முதல் 5 வரை உள்ள நீரை ஆடுமாடுகள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழக்கமில்லாதவைகளுக்குச் சில நாள் வயிறு இளகும். 5-க்கு மேற்பட்ட நீர் கோழிகளுக்கு உதவாது. 8-க்கு மேற்பட்டதைச் சினைமாட்டுக்கும் கறவைமாட்டுக்கும் காட்டவே கூடாது. பொய்கைச் சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கிவந்த பசு, வந்த மறுவாரமே கழிந்து பால் குறைந்தால், திருஷ்டி கழிப்பதற்கும் பூச்சிமருந்து புகட்டுவதற்கும் முன்னர், அது குடிக்கும் தண்ணீரைப் பரிசோதிப்பது விவேகம்.

இவ்விஷயத்திலும் ஐப்பசி மழை கைகொடுக்கிறது. 400 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். நாளொன்றுக்கு 50 லிட்டர் குடிக்கும் பசுக்கள் இரண்டுக்கு அது ஒன்பது நாளைக்குக் காணும். ஓட்டுக் கூரைக்குத் தகரத் தூம்பும், மூடியிட்ட ஒரு தொட்டியும் அமைத்தால், முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டபின் மிச்சத்தைச் சேமிக்கலாம். பசுவுக்கு முழுவதும் மழைநீர் கொடுக்க இயலாவிட்டாலும், கிணற்றுநீருடன் சரிபாதி கலந்து கொடுத்தால் உப்பும் பாதியாகிறது.

மழைக்காலத்து நோய்களையும் மறக்கலாகாது. புதுப்புல்லை வெறிகொண்டு மேயும் ஆடுகளைத் துள்ளுமாரி ஒரே இரவிற் கொண்டுபோகும். கடிக்கும் சிறு பூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவுவதும் இப்பருவத்திலேதான். ஏரியோரத்துச் சதுப்பில் மேயும் ஆடுமாடுகளுக்கு ஈரல் தட்டைப்புழு பிடிக்கும். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் பெரும் பகை. இவற்றிற் பலவற்றுக்குத் தடுப்பு மருந்து உண்டு. இந்நோய்களைத் தடுக்கும் மருந்து தயாரிக்கும் நிலையமொன்று 1932-ம் வருஷத்தில் இராணிப்பேட்டையிலேயே நிறுவப்பட்டது இவ்வட்டாரத்துக்குப் பெருமையாகும். மருந்து வீட்டு வாசலில் இருக்க, ஊசி போடாமல் மந்தையை இழப்பது தகாது. மழை தொடங்குவதற்கு முன்னரே கால்நடை மருத்துவரை ஊருக்கு அழைத்து, எல்லார் ஆடுமாடுகளுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவித்தல் வேண்டும். ஒருவர் பட்டி விடுபட்டாலும் நோய் அவ்வழியாக ஊருக்குள் நுழையும்.

உண்ணிகளைப் போக்குவதும் முட்கம்பியால் தோல் கிழியாமற் காப்பதும் பிராணிக்கு நலம். பிற்காலத்தில் தோலின் விலைக்கும் நலம்.

அண்டைக் கழனி

உப்புக்குப் பட்டாவும் தெரியாது, வரப்பும் தெரியாது. மேல்கழனிக்காரர் தம் நிலத்தைக் கழுவி, வடியும் உவர்நீரைக் கீழ்க்கழனியில் விட்டால், ஒருவர் தேறுவதற்காக மற்றவர் கெடுவதாகும். “மாமா, உங்கள் வடிகாலைச் சற்றுத் திருப்பி ஓடையில் விடுங்கள், வெட்டுக்கூலியில் பாதியை நான் ஏற்கிறேன்” என்று கீழ்க்கழனிக்காரர் புரட்டாசியிலேயே சொல்லிவிட்டால், கார்த்திகையில் வரப்புச் சண்டைக்கும் தாலுகாக் கச்சேரி அலைச்சலுக்கும் இடமில்லை.

வடிகாலை ஓடை வரைக்கும் தொடர்ந்து வெட்டுவது, ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்வாருவது, பங்குக்கிணற்றில் முறைநீரைப் பயிருக்குத் தக்கவாறு மாற்றிக்கொள்வது ஆகியவை ஒருவரால் ஆகும் காரியங்கள் அல்ல. கிணற்றோரம் மணலும் ஜல்லியும் இட்ட குழியொன்று வெட்டி, வயலில் மிஞ்சும் தெளிந்த மழைநீரை அதன் வழியாக ஊற்றுக்கு அனுப்பினால் கிணற்றின் உவர்ப்பு நாளடைவிற் குறையும். ஒருவர் கிணற்றில் மட்டும் இதைச் செய்தால் பலன் சொற்பம். பத்துக் கிணற்றுக்காரர் சேர்ந்து செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். மாட்டுத்தொழுவத்து நீரும் சாலையோர நீரும் அக்குழியிற் சேராதபடி காக்கவேண்டும்.

பாலாறு எப்பொழுதும் வறண்டதென்று எண்ணி, ஆற்றோரத்தையும் ஓடையையும் அடைத்துக்கொள்வதும் பிசகு. 1903 நவம்பரில் இவ்வாறு பெருகி வாணியம்பாடியைப் பாழாக்கியதை ஊரார் பரம்பரையாகச் சொல்வார்கள். 2021 நவம்பரிலும் அது இருகரையும் புரண்டு ஓடிற்று. வெள்ளம் போவதற்கு வழியிருந்தால் அது உப்பைக் கழுவும். வழியில்லாவிட்டால் தோட்டத்தையே கழுவிவிடும்.

பதிவும் நியாயமும்

அண்டை அயலார் ஒன்றுசேர்ந்ததனால் நேர்ந்த பெரும்பலன் ஒன்று இவ்வட்டாரத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்து, நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே இழப்பை ஈடுசெய்து நிலத்தையும் சீர்செய்யவேண்டுமென்ற தத்துவத்தை நிலைநாட்டினார்கள். அத்தீர்ப்பின்படி அமைந்த அதிகாரக் குழுவினர் 2001 மார்ச்சு 7-ந் தேதி இழப்பீட்டை நிர்ணயித்தார்கள். அதன்பின்னரும் குறைகள் நீடித்தமையால், 2025 ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டார் மறுபடி தீர்ப்பளித்து, பாக்கியுள்ள இழப்பீட்டை ஆறு வாரத்திற் கொடுக்கவும், ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதியின் தலைமையில் மேற்பார்வைக் குழு அமைக்கவும் உத்தரவிட்டார்கள். பணம் கொடுத்ததோடு பொறுப்புத் தீர்ந்ததாகாது, நிலம் பழைய நிலைமையை அடையும்வரைக்கும் கெடுத்தவரின் பொறுப்பு நீடிக்கும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இதில் கிராம உத்தியோகஸ்தர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நியாயம் கேட்பதற்குச் சாட்சி வேண்டும். சாட்சிகளிற் சிறந்தது அன்றன்றைக்கு எழுதிய பதிவு. அடங்கலில் பயிரைக் குறிக்கும்போது நிலத்தை நேரிற் பார்த்து, உப்பால் தரிசாய்ப் போனதா, பயிர் கருகியதா என்பதையும் உள்ளவாறு குறித்தல் வேண்டும். குடியானவரும் தம் கிணற்றின் பரிசோதனைச் சீட்டுக்களைத் தேதிவாரியாகக் கட்டிவைக்கவேண்டும். கரும்பு விட்டு நெல், நெல் விட்டுச் சோளம், சோளம் விட்டுத் தரிசு என்று ஒரு தோட்டம் இறங்கிய படிகளை அப்பதிவுகள் கூறும். அதே பதிவுகள், மழையைத் தேக்கி நிலம் தேறிய படிகளையும் ஒருநாள் கூறவேண்டும்.

கழிவை நிறுத்துவது தொழிலாளர், அதிகாரிகள், கோர்ட்டார் ஆகிய பலரைச் சார்ந்தது. அதை விடாது வற்புறுத்துவது குடிகளின் உரிமை. ஆனால் அது முற்றும் நிறைவேறிய மறுநாளும் வேரடியிலுள்ள பழைய உப்பு வேரடியிலேயே இருக்கும். அதைக் கழுவும் வேலை தோட்டக்காரருடையது. ஓர் அடி வரப்பு, ஓர் ஒழுங்கான வடிகால், கூரையடியில் ஒரு தொட்டி, அண்டைக்காரரோடு ஓர் உடன்பாடு ஆகிய இந்நான்கும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. வருகிற ஐப்பசிக்குள் இவற்றை அமைத்துக்கொள்ளும் கிராமம், தை மாதத்தில் கிணற்று நீரைப் பரிசோதித்துத் தன் உழைப்பின் பலனை எண்ணிலேயே காணலாம்.